பொட்டு வைக்காத பேட்டரி

முழு இருட்டில் ஒரு கேமராவை வைத்துப் படம் எடுத்தால் என்ன வரும்? ஒன்றும் வராது என்பீர்கள். வரும். அந்த ஒன்றுமில்லாத படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆறு வருடமாக என் பிழைப்பு. ஊரில் கேட்பவர்களிடம் நான் சாட்டிலைட்டில் வேலை பார்ப்பதாக அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். நான் ராக்கெட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பதாக அவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலெல்லாம் புறா எச்சம் வழியும் ஓர் அறையில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்து நான் பொய்யான இருட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. எங்கள் தொலைநோக்கி சிறியது. ஒரு செயற்கைக்கோளில் பல கருவிகளோடு ஓரமாக ஒட்டிக்கொண்டு போக வேண்டியது. தூசி மேகங்களுக்குள் மறைந்திருக்கும் இளம் நட்சத்திரங்களை அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பது அதன் வேலை. அதன் கண் ஒரு சில்லு. தீப்பெட்டியை விடச் சிறியது, அதில் பத்து லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். சூடாக இருக்கும் எதுவும் அகச்சிவப்பை உமிழும் என்பதால், சில்லைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்துத்தான் வேலை வாங்க முடியும். அதற்கென்று எவர்சில்வர் டிரம் மாதிரி ஒரு குளிர்கலன் உண்டு, லேப்பில் அதை டூவர் என்போம். அவ்வளவு குளிரிலும், ஒரு பொட்டு வெளிச்சம் புகாமல் மூடி வைத்தாலும், ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். மறுபடி கேட்டால் வேறு எண்ணைச் சொல்லும். எலெக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. அவற்றைப் படிக்கும் சர்க்யூட்டும் சும்மா இருப்பதில்லை. கரண்ட் கொடுக்கும் பெட்டியும் தன் பங்குக்கு எதையாவது கலக்கும். இதைத்தான் நாய்ஸ் என்கிறோம். காதில் விழாது என்றாலும், தமிழில் எழுதும்போது இரைச்சல் என்று எழுதுகிறேன்.

கணினியில் பொய் இரைச்சல் எதற்கு என்றால், மேலே போன பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போக முடியாது, அதற்குத்தான். டூவரில் எடுத்த நிஜ இருட்டுப் படங்களை வைத்து, இந்தச் சில்லு எப்படியெல்லாம் தடுமாறும் என்று கணக்கில் பிடித்து, அதே மாதிரி ஆயிரக்கணக்கான பொய் இருட்டுப் படங்களை உண்டாக்குவேன். அவற்றில் மங்கலான பொய் நட்சத்திரங்களைப் புதைப்பேன். பிறகு ஒன்றும் தெரியாதவள் மாதிரி அவற்றைத் தேடுவேன். சிமுலேஷன் என்பது இதுதான். அகப்பட்டால் மேலேயும் அகப்படும். அகப்படாவிட்டால் கருவியை அனுப்புவதே வீண். இதெல்லாம் செல்லுபடியாக வேண்டுமானால் என் பொய் இரைச்சல் நிஜ இரைச்சலைப் போல இருக்க வேண்டும். எந்தப் பெட்டி மேலே போகப்போகிறதோ, அதே பெட்டியிலிருந்து கரண்ட் எடுத்துப் பிடித்த படங்கள்தான் எனக்கு வேண்டும்.

அந்தப் படங்களை எடுத்துத் தருபவர் எங்கள் லேப் டெக்னீஷியன். என்னை விட இரண்டு வயது சின்னவர். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர், அவர் அப்பா மாநகராட்சியில் தெருக் கூட்டியவர். டிப்ளமோ முடித்துவிட்டு வந்து ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தார். தலைமுடி அளவு வயரை மூச்சைப் பிடித்துக்கொண்டு சால்டர் செய்வார். சில்லைக் கையாளும் நாளில், கை நடுங்கும் என்று காலையிலிருந்து காபிகூடக் குடிக்க மாட்டார். என் பட்டங்களையெல்லாம் அடுக்கினாலும் அந்தக் கைக்கு ஈடாகாது. இதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அப்போதெல்லாம் நான் யாரிடமும் நல்ல வார்த்தை பேசியதில்லை. யார் வாயைத் திறந்தாலும் முடிவை முதலில் சொல்லு என்பேன்.

பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய கான்ட்ராக்ட் முடியும். ஒரு நாள் இடைவெளி விட்டு அடுத்தது தொடங்கும். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று பிற்காலத்தில் யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாது, அதற்காக அந்த ஒரு நாள். அன்று அவரைக் கேட்டுக்குள் விட மாட்டார்கள். ஒருமுறை அப்படிப்பட்ட நாளில் டூவரில் நைட்ரஜன் குழாய் அடைத்துக்கொண்டது. அவர் கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பக்கம் நின்று போனில் சொல்லச் சொல்ல, நான் உள்ளே வால்வைத் திருப்பினேன். “எடது பக்கம் மேடம், உங்க எடது இல்ல, அதோட எடது!” என்று கத்தினார். சரியான பிறகு இரண்டு பேரும் போனிலேயே சிரித்தோம்.

கருவி மேலே போகட்டும், உன்னைப் பர்மனென்ட் ஆக்குவது என் பொறுப்பு என்று குழுத் தலைவர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஃபைல் ஏற்கெனவே மேசை மேசையாக ஏறிக்கொண்டிருந்தது. கருவி போனால் கையெழுத்து. இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினார்.

“பர்மனென்ட் ஆய்ட்டா, அந்த ஒரு நாளும் உள்ள வருவேன் மேடம். வேலயே இல்லன்னாலும் சும்னே வந்து ஒக்காந்துட்டுப் போவேன்” என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்னால்தான் பவர் பாக்ஸ் வந்தது. செயற்கைக்கோளின் கரண்டைச் சில்லுக்கு வேண்டிய அளவுகளாகப் பிரித்துத் தரும் பெட்டி அது. மாதிரி இல்லை, மேலே போகப்போகும் அசல். சில்லை விரிசல் விடாமல் மெதுவாகக் குளிரவைக்கவே மூன்று நாள் பிடிக்கும். டூவரும் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆயுத பூஜை விடுமுறையன்று சாயங்காலத்தோடு எங்கள் முறை முடிந்து அடுத்த குழுவுக்குப் போய்விடும். அதற்கடுத்த வாரம் ரிவ்யூ. வெளியிலிருந்து வரும் பெரியவர்கள் என் சிமுலேஷனைப் பார்த்துவிட்டு, கருவியை அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்வார்கள். ஆகவே எனக்கு அந்த விடுமுறை நாளுக்குள் இருநூறு இருட்டுப் படங்கள் வேண்டும்.

விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம் லேப்பில் பூஜை. லேத் மெஷினுக்கு மாலை, காபி மெஷினுக்கு மாலை, லிஃப்ட் வாசலில் வாழைக்கன்று, படியில் உடைத்த பூசணிக்காய். ஓடிக்கொண்டிருந்த டூவருக்கும் அதன் கம்ப்யூட்டருக்கும் ஓடியபடியே சந்தனப் பொட்டு வைத்தார்கள். பவர் பாக்ஸ் புதுசு என்பதால் அதற்குத் தனி மரியாதை. குழுத் தலைவரே தன் கையால், மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து மாலை போட்டார். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத் தானே முதல் சுவிட்சைப் போடுவதாகச் சொன்னார். அதுவரை யாரும் தொடக் கூடாது. எல்லோரும் தலையாட்டினோம், நானும் ஆட்டினேன். அந்த நல்ல நேரம் வரும்போது எங்கள் கையில் டூவர் இருக்காது என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை. படித்தவர்கள் கூட்டம் அது.

பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது டெக்னீஷியனிடம் சொன்னேன், “நாளைக்கு எப்படியாவது இருநூறு எடுத்துடுங்க.”

“நாளைக்கு லீவு மேடம்.”

“தெரியும்.”

அவர் வந்தார். விடுமுறை நாளில் கான்ட்ராக்ட் ஆள் உள்ளே வந்ததாக எழுதினால் கேள்வி வரும் என்பதால், கேட்டில் பெயர் எழுதாமல், தெரிந்த செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் என் ஊர் அரக்கோணத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். ஜோலார்பேட்டையில் இறங்கி வடை வாங்கினேன், அப்போது போன் அடித்தது.

“மேடம், டூவர் நல்லா குளுந்துகீது. ஆனா புது பாக்ஸுக்கு சார் மால போட்டுகீறாரு, நான் அதுல கை வெக்கல. டேபிள் மேல இருக்கற பழைய கரண்ட் சப்ளைக்கும் பொட்டு வெச்சாச்சி. நம்ம பேட்டரி கீதுல்ல, கரண்ட் போனா மாட்டுவமே, அதுல போட்டு எடுக்கட்டா?”

“எடுங்க.”

“பரவால்லியா மேடம்? பேட்டரிக்கு யாரும் பொட்டு வெக்கல. அதான் கேட்டேன்.”

“பரவாயில்ல. எனக்கு இருநூறு ஃப்ரேம் வேணும், அவ்ளோதான். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுங்க.”

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுந்தது. சிக்னல் நன்றாகவே இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிக்னல் சரியில்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வடை சூடாக இருந்தது, ரயில் கிளம்பப் பார்த்தது, என் மண்டைக்குள் இருநூறு என்ற எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அந்தப் பேச்சு முழுவதும் எனக்குள்ளிருந்து போய்விட்டது. அவர் எச்சரித்தார் என்றுகூடத் தோன்றவில்லை. ஆள் வழக்கம்போலத் தேவையில்லாமல் கேள்வி கேட்கிறார் என்றுதான் எரிச்சல்பட்டேன்.

விஜயதசமி காலையில் தலைவர் சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். வாட்ஸப்பில் படம் வந்தது. விளக்கு எரிந்ததே தவிர, பெட்டியின் மறுமுனையில் சில்லு இல்லை. அது முந்தின நாள் சாயங்காலமே வெளியே எடுக்கப்பட்டுத் தன் டப்பாவுக்குள் போய்விட்டது.

ஊரிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன். சர்வரில் வெறும் தேதியைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர், உள்ளே இருநூறு படங்கள். லாக் புத்தகத்தில் அந்தத் தேதிக்கு ஒரு வரியும் இல்லை. வராத ஆள் எப்படி எழுதுவார்? எனக்கு லாக் புத்தகம் தேவைப்படவும் இல்லை. எந்தப் பெட்டிக்காக எடுக்கச் சொன்னேனோ அந்தப் பெட்டியில்தானே எடுத்திருப்பார் என்று, ஃபோல்டரின் பெயரை நானே மாற்றினேன். ‘ஃபிளைட் சப்ளை’, அதாவது மேலே போகும் பெட்டியின் கரண்ட், என்று என் விரல்தான் அடித்தது. விஜயதசமி வரை அந்தப் பெட்டியை யாரும் தொட்டிருக்க முடியாது என்பதுகூட உறைக்கவில்லை.

படங்கள் அவ்வளவு சுத்தமாக இருந்தன. பழைய படங்களில் பட்டை பட்டையாக ஓடும் அழுக்கு இதில் இல்லவே இல்லை. எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சுத்தமாக ஏதாவது கிடைத்தால் முதலில் சந்தேகப்படு என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு வேறு எடுத்திருக்கிறேன். அன்றைக்கு நான் சந்தேகப்படவில்லை. காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரைச்சலைக் கழிக்க நான் ஒரு புது முறை எழுதியிருந்தேன். அதுதான் வேலை செய்கிறது என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனம்தான் அழுக்கை எடுத்துவிட்டது என்று அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

ரிவ்யூவில் நான் புதைத்த நட்சத்திரங்கள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. பெரியவர்கள் மெச்சினார்கள். இந்த மாதிரி சிமுலேஷன் இருந்தால் தைரியமாக அனுப்பலாம் என்றார் ஒருவர். அடுத்த நாள் டெக்னீஷியன் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய ஒப்பட்டு, நம் ஊர்ப் போளிதான், கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு.

பவர் பாக்ஸ் அந்த வாரமே குலுக்கல் சோதனைக்கும் சூட்டுச் சோதனைக்கும் வேறு ஊருக்குப் போய்விட்டது. சில்லும் பெட்டியும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்தது பத்து மாதம் கழித்துத்தான். வெள்ளை அங்கியும் தொப்பியுமாக ஏழெட்டுப் பேர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் இருட்டுப் படம் வந்தது. மூலைக்கு மூலை சாய்வான கோடுகள், ஜமுக்காளத்தில் ஓடுமே, அந்த மாதிரி. இரண்டாவது படத்திலும் கோடு. பத்தாவதிலும் கோடு.

“இன்னா மேடம் இது, கோடு கோடா வர்து” என்றார் டெக்னீஷியன் மெதுவாக.

ஒரு மாதம் போராடினோம். வயரை மாற்றினோம், எர்த்தை மாற்றினோம், ஃபில்டர் போட்டோம். கோடு மெலிந்ததே தவிரப் போகவில்லை. பெட்டி அளவை மாற்றுவதற்காகக் கரண்டைத் துண்டு துண்டாக நறுக்கும்போதெல்லாம் அந்த அதிர்வு சில்லின் எண்களில் ஏறிக்கொண்டது. பெட்டியைத் திறந்து உள்ளே மாற்றினால் சோதனைகளையெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ராக்கெட்டுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பத்து மாதம் முன்னால் தெரிந்திருந்தால் இரண்டு வாரத்து வேலை அது. அந்த மாதத்தில் ஒருநாள் நான் என் சிமுலேஷனைத் திறந்து, இந்தக் கோடு ஏன் அதில் வரவில்லை என்று ஒவ்வொரு வரியாகத் துருவிக்கொண்டிருந்தேன். அவர் என் மேசைக்கு வந்தார்.

“அந்த எர்நூறு ஃப்ரேமா மேடம்? அது பேட்டரில எடுத்தது. ஜோலார்பேட்டைல இருந்தீங்க, சொன்னேனே.”

வடையின் சூடு முதற்கொண்டு எல்லாம் திரும்பி வந்தது. பேட்டரியில் நறுக்கல் இல்லை, அதிர்வு இல்லை, கோடு இல்லை. மேலே போகாத ஒரு கருவியின் இருட்டை நான் ஒரு வருடமாக அச்சு அசலாகத் தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

குழுத் தலைவரிடம் போனேன். “அந்தப் படங்கள் பேட்டரியில் எடுத்தவை போலிருக்கிறது” என்றேன். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் போலிருக்கிறது என்று சொன்னேன். யார் எடுத்தார்கள் என்று அவர் கத்தினார். டெக்னீஷியன் என்றேன். யார் எடுக்கச் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கருவி கழற்றப்பட்டது. செயற்கைக்கோளின் எடையும் சமநிலையும் ஏற்கெனவே கணக்கிட்டு முடித்தவை என்பதால் எங்கள் இடத்தைக் காலியாக விட முடியாது. அதே எடையில், அதே துளைகளோடு, ஓர் அலுமினியக் கட்டியைச் செய்து தரச் சொன்னார்கள். டம்மி என்பார்கள். அந்த வரைபடம் டெக்னீஷியன் கைக்குத்தான் வந்தது. லேத்தில் கடைந்து, தராசில் வைத்து, துளி அதிகம் என்று அரத்தால் ராவி, மறுபடி தராசில் வைத்தார். சில்லைத் தொடும் நாளில் போலவே அன்றும் அவர் காபி குடிக்கவில்லை. நான் கதவோரம் நின்று பார்த்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன். அந்தக் கட்டி இப்போது மேலேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். நீள மேசையின் இந்தப் பக்கம் நானும் அவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அந்த மாதம்தான் என் பதவி நீட்டிப்பும் முடிவாக வேண்டியிருந்தது. இந்த இருநூறு படங்கள் எந்த சப்ளையில் எடுத்தவை என்று உங்களுக்கு அப்போது தெரியுமா என்று தலைமை உறுப்பினர் என்னைக் கேட்டார்.

“லாக் புத்தகத்தில் எதுவும் பதிவாகவில்லை” என்றேன்.

அதில் பொய் இல்லை. கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. ஆனால் அவர் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினார்.

“பேட்டரி சார். நாட் ரிட்டன். மை மிஸ்டேக்” என்றார் டெக்னீஷியன், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

“ஃபோல்டரில் ஃபிளைட் சப்ளை என்று இருக்கிறதே?”

டெக்னீஷியனுக்கு அது புதிய செய்தி. புருவம் உயர்ந்தது, பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“விடுமுறை நாளில் எடுக்கும்படி யாராவது சொன்னார்களா?”

அப்போது டெக்னீஷியன் என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. டூவர் வால்வைத் திருப்பப் போகும்போது ரெடியா என்று கேட்பது போல ஒரு பார்வை. நான் தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து, யாரும் சொல்லவில்லை என்று அவர்களே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

என்ன நினைத்து அப்படி இருந்தேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. பயம். வெறும் பயம். நீட்டிப்பு இல்லையென்றால் அரக்கோணத்துக்குத் திரும்ப வேண்டும், அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம்தான். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வாயில் வந்து நின்ற வாக்கியம் அது.

அறிக்கையில் டெக்னீஷியனின் நடைமுறைத் தவறு என்று ஒரு வரி வந்தது. ஃபோல்டருக்குத் தவறான பெயர் வைத்தது இன்னொரு வரி. பர்மனென்ட் ஃபைல் மேலேயிருந்து கீழே இறங்கிவிட்டது. எனக்கு நீட்டிப்பு வந்தது. இரண்டு மாதம் கழித்து அவருடைய பதினொரு மாதம் முடிந்தது. வழக்கம்போல ஒரு நாள் வெளியே நின்றார். அடுத்த நாள் அவரைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்த ஒரு நாள் அப்படியே நீண்டுகொண்டு போய்விட்டது. செக்யூரிட்டி மட்டும் ஒரு வாரம் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார், எங்க மேடம் நம்ம ஆளு என்று.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. லேப்பில் பூஜை நடந்தது. ராவும்போது எடை தவறிப் போனதால் அவர் ஒதுக்கி வைத்திருந்த இன்னொரு அலுமினியக் கட்டி மேசை மேல் கிடந்தது. புதிதாக வந்த யாரோ, அது என்னவென்று தெரியாமல் அதற்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்கள். அந்த அறையில் நிற்க முடியவில்லை. பொரியை வாங்காமல் வெளியே வந்து, பஸ் பிடித்து சிவாஜிநகரில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி ஸ்ரீராம்புரம் போனேன். அவர் வேலை பார்க்கும் இடத்தைச் செக்யூரிட்டி விசாரித்துச் சொல்லி வைத்திருந்தார்.

இன்வர்ட்டரும் பேட்டரியும் ரிப்பேர் செய்யும் கடை. இங்கேயும் பூஜை போட்டிருந்தார்கள். ஒரு வரிசை பேட்டரிகள், ஒவ்வொன்றுக்கும் பொட்டு. அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அம்மா நல்லா இருக்காங்களா என்று கேட்டார். லேப்பில் டூவர் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். சிமுலேஷனில் இப்போது கோட்டைச் சேர்த்துவிட்டேன் என்றேன். நட்சத்திரம் தெரிகிறதா என்று கேட்டார். இல்லை, புதைத்ததில் ஒன்றும் திரும்பி வரவில்லை என்றேன்.

ஆறிப்போன டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

“நான் போன்ல பரவாயில்லைன்னு சொன்னதை அங்க நீங்க சொல்லியிருக்கலாமே. ஃபோல்டர் பேரும் நான் வச்சதுதான். ஏன் சொல்லல?”

அவர் கையிலிருந்த வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“நான் சொன்னா உங்கள மாட்டி உட்ட மாதிரி ஆய்டும் மேடம். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துனு இருந்தேன். அதான் சும்னே இருந்தேன்.”

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கமிட்டிக்கு இப்போது எழுதுகிறேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன். “பேடா மேடம், வேணாம். ஆய்த்து, உடுங்க” என்றார். அதற்குள் யாரோ ஆட்டோவில் ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இன்று ரிப்பேர் இல்லை, பூஜை, நாளைக்கு வாங்க என்று அவர் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் கிளம்பினேன்.

கடிதத்தை அன்றே எழுதினேன். பிரேசர் டவுனில் என் அறையில் உட்கார்ந்து, தேதி, நேரம், ஜோலார்பேட்டை, வடை வரைக்கும் எழுதினேன். வடையை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அது இன்னும் என் கணினியில் டிராஃப்டில்தான் இருக்கிறது. என் நீட்டிப்பு அடுத்த வருடம் முடிகிறது, முடிந்த பிறகு அனுப்பலாம் என்று வைத்திருக்கிறேன். போன வருடமும் இதையேதான் சொன்னேன்.

இதில் எங்கேயும் யார் பெயரும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவருக்குத் தொந்தரவு வரக் கூடாது என்றுதான் விட்டேன் என்று முதலில் இந்த இடத்தில் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். என் பெயர் தெரியக் கூடாது என்றுதான் விட்டேன்.